குளிர்காலப் பாதை: போன்ஃபெராதாவிலிருந்து சந்தியாகோவுக்கு நடக்கத் திட்டமிடுவது எப்படி?

ஸ்பெயினின் வடமேற்கில், புனித யாக்கோபின் பேராலயம் இருக்கும் சந்தியாகோ நகருக்கு நடந்து போகும் யாத்திரை என்றதும் எல்லோரும் சொல்வது பிரான்ஸ் எல்லைப் பக்கமிருந்து வரும் பிரெஞ்சுப் பாதையைத்தான். 2024இல் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவுக்கு வந்து சான்றிதழ் வாங்கியவர்கள் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பிரெஞ்சுப் பாதையில் வந்தவர்கள். அந்தப் பாதையின் கடைசிக் கட்டத்தில் வரும் சர்ரியா ஊருக்கு அப்புறம் காலை ஏழு மணிக்கே வரிசையில் நடப்பது போல இருக்கும். அதே நாட்டில், அதே கோவிலுக்குப் போகும் இன்னொரு பாதையில் நூற்றுக்கு ஒருவர்கூட வருவதில்லை. அதன் பெயர் காமினோ தெ இன்வியெர்னோ, அதாவது குளிர்காலப் பாதை.

பிரெஞ்சுப் பாதையில் போன்ஃபெராதா நகரைத் தாண்டியதும் ஓ செப்ரெய்ரோ மலை குறுக்கே நிற்கும். சுமார் 1,300 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் பனி மூடிவிடும். அந்த ஏற்றத்தைத் தவிர்க்க நினைத்தவர்கள் தெற்கே திரும்பி, சில் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக, சந்தியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்துக்குள் நுழைந்தார்கள். ரோமானியர்கள் தங்கம் எடுத்த காலத்திலிருந்தே புழங்கிய வழி அது. சந்தியாகோ பேராலயம் இதை யாத்திரைப் பாதையாக முறைப்படி ஏற்றது 2016இல்தான். மொத்தம் 263 கிலோமீட்டர் அளவு. கலீசியாவின் நான்கு மாகாணங்களையும் தொட்டுப் போகிற ஒரே பாதையும் இதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் குளிர்காலப் பாதை என்பதால் எளிது என்று நினைத்துவிட வேண்டாம். பனி குறைவு, ஏற்ற இறக்கம் நிறைய. கடைகளும் விடுதிகளும் பிரெஞ்சுப் பாதையில் போல ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று வராது. இதற்குத் திட்டம் போடும்போது வரிசையாக முதல் நாளிலிருந்து தொடங்கக்கூடாது. கடினமான மூன்று நாட்களை முதலில் நிறுத்திவைத்து, மற்றதை அவற்றைச் சுற்றி அடுக்க வேண்டும். கிரோகாவிலிருந்து மோன்ஃபோர்த்தே, மோன்ஃபோர்த்தேயிலிருந்து சந்தாதா, சந்தாதாவிலிருந்து ரோதெய்ரோ ஆகியவையே அந்த மூன்று.

முதல் படி: எந்த மாதம்?

மே, ஜூன் அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். செப்டம்பரில் திராட்சை அறுவடை, அக்டோபரில் செஸ்ட்நட் கொட்டும். பாதை முழுக்க முள் கூடுகள் பிளந்து கிடக்கும், காலடியில் நொறுங்கும்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். பாதையின் முன்பகுதியில் வரும் வால்தெயோராஸ் பள்ளத்தாக்கில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், நிழலும் குறைவு. காட்டுத்தீயும் ஒரு காரணம். 2025 ஆகஸ்டில், ரோமானியரின் பழைய தங்கச் சுரங்கமான லாஸ் மெதுலாஸ் பகுதியிலும் வால்தெயோராஸிலும் பெருந்தீ எரிந்தது, பழைய செஸ்ட்நட் மரங்கள் பலவும் போயின. அந்தப் பகுதிகளைக் கடக்கும் நாட்களில் கரிந்த சரிவுகளைப் பார்க்கத் தயாராக இருங்கள். பழைய புகைப்படங்களை நம்பி நிழலைக் கணக்குப் போட வேண்டாம்.

உண்மையான குளிர்காலத்திலும் நடக்கலாம். பகல் ஒன்பது மணி நேரம்தான் இருக்கும், சில் பள்ளத்தாக்கில் காலைப் பனிமூட்டம் கலைய மதியமாகும், கலீசிய மழை நாள் கணக்கில் விடாது. முதல் முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது படி: காகிதங்கள்

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்காரர்கள் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம்.

நடைப்பயணிக்கு இதில் வரும் சிக்கல் தங்குமிடச் சான்று. ஒவ்வொரு இரவும் வேறு ஊர், அதிலும் பாதி ஊர்களில் உள்ள சிறு விடுதிகள் இணையத்தில் முன்பதிவு எடுப்பதில்லை. தினம் எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு பக்கத்தில் நாள் திட்டம் எழுதி இணையுங்கள். மாட்ரிட், போன்ஃபெராதா, மோன்ஃபோர்த்தே, சந்தியாகோ ஆகிய பெரிய ஊர்களுக்கு ரத்து செய்யக்கூடிய முன்பதிவு வையுங்கள். மற்ற ஊர்களுக்கு மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைக்கலாம்.

இன்னொரு காகிதம் கிரெதென்சியால். யாத்ரீகர் கையேடு என்று சொல்லலாம். தினமும் முத்திரை குத்தி வாங்குகிற மடிப்புத் தாள். போன்ஃபெராதாவில் சான் நிக்கோலாஸ் தெ ஃப்ளூவே யாத்ரீகர் விடுதியில் கிடைக்கும். முத்திரைகளை இடம் விடாமல் நெருக்கிக் குத்தச் சொல்ல வேண்டியதில்லை, இந்தப் பாதையில் அவ்வளவு முத்திரை சேராது.

மூன்றாவது படி: நாட்களைப் பிரிப்பது

பத்து நாளில் முடிக்க நினைத்தால் வழக்கமான பிரிவு இப்படி வரும், தூரங்கள் தோராயமானவை.

போன்ஃபெராதா – லாஸ் மெதுலாஸ், 27 கி.மீ.
லாஸ் மெதுலாஸ் – ஓ பார்கோ, 27
ஓ பார்கோ – ஆ ரூவா, 14
ஆ ரூவா – கிரோகா, 27
கிரோகா – மோன்ஃபோர்த்தே, 35
மோன்ஃபோர்த்தே – சந்தாதா, 30
சந்தாதா – ரோதெய்ரோ, 26
ரோதெய்ரோ – ஆ லாஷே, 28
ஆ லாஷே – ஒவுதெய்ரோ, 33
ஒவுதெய்ரோ – சந்தியாகோ, 17

இதை அப்படியே நகலெடுக்காதீர்கள். பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டால்தான் இந்தப் பாதையை ரசிக்க முடியும் என்பது என் கணிப்பு. கூடுதல் நாட்களில் ஒன்று கிரோகா–மோன்ஃபோர்த்தே நடுவே. 35 கிலோமீட்டரை ஒரே மூச்சில் போகாமல் ஆ போப்ரா தோ ப்ரோயோனில் இரவு தங்கிவிடலாம். இன்னொன்று ரோதெய்ரோவுக்கு அடுத்து வரும் லலின் ஊருக்குப் பிறகு: சியேதாவில் ஒரு இரவு போட்டால் கடைசி 33 கிலோமீட்டர் நாள் உடைந்துவிடும். இதற்கு மேலும் ஒரு நாள் இருந்தால் அதை மோன்ஃபோர்த்தேயில் ஓய்வாக வையுங்கள்.

பயம் குறைய ஒரு விஷயம்: போன்ஃபெராதாவிலிருந்து மோன்ஃபோர்த்தே வரை ரயில் பாதையும் பெரும்பாலும் சில் ஆற்றை ஒட்டியே போகிறது. ஓ பார்கோ, ஆ ரூவா, கிரோகாவுக்கு எதிர்க்கரையில் சான் குளோதியோ, பிறகு மோன்ஃபோர்த்தே, எல்லாவற்றிலும் நிலையம் உண்டு. கால் கொப்புளம் பழுத்துவிட்டது, மழை விடவில்லை என்றால் ஒரு கட்டத்தை ரயிலில் தாண்டிவிடலாம். ஆனால் தினசரி ரயில்கள் ஒரு கையில் எண்ணக்கூடியவை. முந்தைய இரவே ஸ்பானிய ரயில்வேயான ரென்ஃபேயின் செயலியில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். மோன்ஃபோர்த்தேக்கு அப்புறம் இந்த வசதி கிடையாது. பேருந்து அல்லது டாக்சிதான்.

சந்தியாகோவில் தரும் கொம்போஸ்தேலா சான்றிதழ் மட்டும் போதும், நேரம் இல்லை என்பவர்கள் மோன்ஃபோர்த்தேயிலிருந்து தொடங்கலாம். நடப்பவர்களுக்குக் குறைந்தபட்சம் 100 கிலோமீட்டர் என்பது விதி. இங்கிருந்து தாராளமாகத் தேறும். பாதையின் சிறந்த பகுதியான மின்யோ ஆற்றுப் பள்ளத்தாக்கும் இதில் அடங்கிவிடும். ஆனால் லாஸ் மெதுலாஸை இழப்பீர்கள்.

பாதை எப்படி இருக்கும்?

மாட்ரிட்டிலிருந்து போன்ஃபெராதாவுக்கு ரயிலும் உண்டு, ஆல்சா பேருந்தும் உண்டு. நான்கைந்து மணி நேரம். போன்ஃபெராதா கோட்டையை முந்தைய நாள் மாலையே பார்த்துவிடுங்கள், காலையில் திறக்கும் வரை காத்திருந்தால் நடை தாமதமாகும். ஊரை விட்டு வெளியேறும் இடத்தில்தான் முதல் குழப்பம். அங்கே கண்ணில் படும், யாத்ரீகர்களுக்கு வழிகாட்டும் மஞ்சள் அம்புகளில் பெரும்பாலானவை பிரெஞ்சுப் பாதைக்கானவை. நீங்கள் போக வேண்டியது தெற்கே, போயெசா ஆற்றைக் கடந்து பஹாரியெல் குன்றின் பக்கமாக. முந்தைய நாளே அந்தப் பாலம் வரை போய் அம்பைப் பார்த்து வைத்துக்கொண்டால் காலை இருட்டில் தடுமாற வேண்டாம். கைபேசியில் பாதைக் கோப்பு ஒன்றை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். கலீசியா எல்லைக்குள் போய்விட்டால் சிப்பி பதித்த கருங்கல் தூண்கள் மீதித் தூரத்தைச் சொல்லிக்கொண்டே வரும்.

முதல் நாள் திராட்சைத் தோட்டங்கள், கிராமங்கள், அப்புறம் பாறை நுனியில் நிற்கும் கோர்னாத்தெல் கோட்டை. மாலையில் லாஸ் மெதுலாஸ். ரோமப் பேரரசின் மிகப் பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்று. 1997 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. மலைக்குள் குகைகள் குடைந்து, தொலைவிலிருந்து கால்வாய்களில் கொண்டுவந்த தண்ணீரைத் தேக்கி, ஒரே நேரத்தில் திறந்துவிட்டு மலையையே இடித்துத் தள்ளினார்கள். ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி இந்த முறையை எழுதிவைத்திருக்கிறார். மிஞ்சியவை செம்மண் கூம்புகள். ஒரெயான் காட்சிமுனைக்கு ஏறுவது களைத்த காலுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் சூரியன் சாயும் நேரத்தில் அந்தச் சிவப்பைப் பார்க்காமல் போகாதீர்கள்.

இரண்டாம் நாள் இறக்கத்தில் புவென்தே தெ தோமிங்கோ ஃப்ளோரெஸ். ஆற்றைக் கடந்தால் கலீசியா. அதன் பிறகு ஓ பார்கோ, ஆ ரூவா வரை சில் ஆற்றோரம், கற்பலகைச் சுரங்கங்கள், கொதேயோ வகை வெள்ளைத் திராட்சைத் தோட்டங்கள். தார்ச்சாலை நடை கொஞ்சம் அதிகம். அழகு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆ ரூவாவுக்கு அப்புறம் மோந்தேஃபுராதோ. ஆற்றின் போக்கையே மாற்றி, வறண்ட படுகையில் தங்கம் தேட ரோமானியர்கள் பாறையைக் குடைந்த சுரங்கவழி அங்கே இருக்கிறது. பாதையிலிருந்து சற்று விலகி இறங்க வேண்டும். அந்த நாளில் கிராமங்கள் உண்டு, கடை அநேகமாகக் கிடையாது. கிரோகா வரைக்குமான சாப்பாட்டை ஆ ரூவாவிலேயே வாங்கிப் பையில் போடுங்கள்.

கிரோகாவிலிருந்து மோன்ஃபோர்த்தே போகும் நாளில் லோர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பார்ஷா தெ லோரில் பழைய கல் பாலத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் ஏற வேண்டும். தூரத்தைவிட இந்த ஏறி இறங்கும் விளையாட்டுதான் காலை வாங்கும்.

மோன்ஃபோர்த்தே இந்தப் பாதையில் நடுவில் வரும் நகரம். சூப்பர் மார்க்கெட், மருந்துக் கடை, காலணிக் கடை எல்லாம் இருக்கும். குன்றின் மேல் பழைய கோபுரமும் மடமும். மடம் இப்போது பரதோர் அரசு ஹோட்டல். கீழே 1593இல் கார்டினல் ரோத்ரிகோ தெ காஸ்த்ரோ நிறுவிய கல்லூரியில் எல் கிரேக்கோ வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. ஓய்வு நாள் வைத்தவர்களுக்கு இது போதும்.

அடுத்த நாள்தான் பெலெசார். தியோமோந்தி என்ற குக்கிராமத்தில் சான் பாயோ தேவாலயம், ரோமனெஸ்க் பாணிக் கட்டடம். அதைத் தாண்டியதும் நிலம் சட்டென்று கீழே போகிறது. மின்யோ ஆறு வெகு கீழே, பச்சையாக, அசையாமல் தெரியும். ரோமானியர் காலத்து வழி வளைந்து வளைந்து இறங்குகிறது. பாசி பிடித்த தட்டைக் கற்கள், மழை பெய்திருந்தால் சறுக்கும். கைத்தடி இல்லாதவர்கள் இங்கே வருந்துவார்கள். இரண்டு பக்கமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள், ஒவ்வொரு சுவருக்கும் மேலே இரண்டு மூன்று வரிசை மென்சியா திராட்சைக் கொடிகள். சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால் அறுத்த பழத்தை மேலே கொண்டுபோக ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டிகள் போட்டிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் பெலெசார் ஊரில் உட்கார்ந்து குடிக்கலாம், சாப்பிடலாம், ஆனால் நீண்ட நேரம் உட்காராதீர்கள். எதிர்க்கரை ஏற்றம் அதே அளவு மீதி இருக்கிறது, சந்தாதா மேலேதான்.

சந்தாதாவிலிருந்து ரோதெய்ரோ போகும் நாளில் ஃபாரோ மலை. உச்சி 1,187 மீட்டர், பாதையிலேயே உயரமான இடம் இதுதான். அருகில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம்; செப்டம்பர் 8 அன்று திருவிழா, சுற்று வட்டாரமே மலையேறி வரும். வானம் தெளிவாக இருந்தால் நான்கு மாகாணங்களும் தெரியும் என்பார்கள். மேகம் இறங்கிவிட்டால் காற்றாலையின் இரைச்சல்தான் கேட்கும், அதன் தூண் தெரியாது. முந்தைய மாலை வானிலை பார்த்து, தேவைப்பட்டால் சந்தாதாவில் ஒரு நாள் கூடுதலாக இருங்கள். இதற்காகவே ஒரு நாளை உபரியாக வைத்திருப்பது நல்லது.

லலினுக்கு அப்புறம் ஆ லாஷேயில், தெற்கிலிருந்து வரும் சனாப்ரேஸ் என்ற இன்னொரு யாத்திரைப் பாதையோடு சேர்ந்துவிடுவீர்கள். அங்கிருந்து ஆட்கள் கூடுவார்கள், விடுதிகளும் கூடும். வழியில் 912ஆம் ஆண்டு தேதியிட்ட தாபோவாதா கல் பாலம் வரும். உய்யா ஆற்றைக் கடந்து ஏறினால் ஒவுதெய்ரோ. கடைசி நாள் 17 கிலோமீட்டர்தான் என்பதால் மதியத்துக்குள் ஊருக்குள் இருப்பீர்கள்.

எங்கே தூங்குவது?

கலீசிய அரசான ஷுன்தா நடத்தும் யாத்ரீகர் விடுதிகள் சில ஊர்களில் உண்டு. ஆள் ஒன்றுக்கு 10 யூரோ அளவில், முன்பதிவு கிடையாது, வந்தவர்க்கே படுக்கை. மற்ற ஊர்களில் ஒஸ்தால், பென்சியோன் என்று பெயர் போட்ட சிறு விடுதிகளில் தனி அறைதான், அதனால் பிரெஞ்சுப் பாதையைவிடச் செலவு கூடும். இருவராகப் போனால் அறை வாடகை பாதியாகிவிடும். கூட்டம் இல்லாத பாதை என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். சில ஊர்களில் இருப்பதே ஒன்றிரண்டு விடுதி. அறுவடை காலத்தில் தோட்ட வேலைக்கு வந்தவர்களும், உள்ளூர்த் திருவிழா நாளில் விருந்தாளிகளும் அவற்றை நிரப்பிவிடுவார்கள். லாஸ் மெதுலாஸ், கிரோகா, ரோதெய்ரோ மூன்றுக்கும் சில நாள் முன்னதாகவே பேசிவிடுங்கள். கடினமான நாளின் இரு முனையிலும் படுக்கை உறுதி என்றால் மற்றதைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம். எந்த ஊரில் எது திறந்திருக்கிறது என்று பார்க்க ஸ்பானிய யாத்ரீகர்கள் நம்புவது குரோன்சே தளத்தை. ஸ்பானிய மொழியில்தான் இருக்கும், உலாவியே மொழிபெயர்த்துத் தரும்.

ஆங்கிலம் இங்கே அவ்வளவாக ஓடாது. ஃபோனில் பேசத் தயக்கமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் ஸ்பானிய மொழியில் ஒரு செய்தி போடுங்கள். பதில் வேகமாக வரும்.

சாப்பாடு

மதியச் சாப்பாடு இரண்டு முதல் நான்கு மணி வரை, இரவுச் சாப்பாடு எட்டரை ஒன்பதுக்கு மேல். நடுவில் கடைகள் பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் முழுநாளும் பூட்டுதான். மதியத்தில் மெனு தெல் தியா என்று கேட்டால் இரண்டு உணவும் ரொட்டியும் குடிக்க ஏதாவதும் ஒரே விலையில் வரும். அதையே நாளின் பெரிய சாப்பாடாக வைத்துக்கொள்வது நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் போராட வேண்டும். இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடை ஹமோன் போட்டுக் கொண்டுவருவார்கள், அதைத் தனிக் கணக்காகவே பார்ப்பார்கள். ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்’ (இறைச்சி, ஹமோன், சூரை மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். கல்தோ கயேகோ கீரை சூப் போலத் தெரியும், அதில் பன்றிக் கொழுப்பு இருக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தோர்த்தியா, உருளைக்கிழங்கு போட்ட கனமான ஆம்லெட், எந்தச் சிறு ஊரிலும் கிடைக்கும். பாதிரோன் மிளகாய் வறுவல், பாலாடைக்கட்டி, ரொட்டி, பழம் என்று சமாளிக்கலாம். ஊறுகாய்ப் பாக்கெட்டும் பொடியும் கொண்டு போங்கள், எடை ஒன்றும் ஆகாது.

லலின் கோசிதோவுக்குப் பெயர்போன ஊர். பன்றியின் எல்லா உறுப்பும் கொண்டைக்கடலையோடு வேகும் விருந்து அது. அசைவர்களுக்கு அதுவே ஒரு நாள் ஓய்வுக்குக் காரணமாகலாம்.

பையில் என்ன?

உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்க வேண்டாம். ஏற்கெனவே பழகிய காலணி, மூன்று ஜோடி கம்பளிச் சாக்ஸ், மழைக்கோட்டு, லேசான தூக்கப்பை, நெற்றி விளக்கு, கைத்தடிகள். தண்ணீர் இரண்டு லிட்டர் கொள்ளும்படி. இலையுதிர்கால வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும், பளிச்சென்ற நிறத்தில் ஒரு மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கிராமங்களில் கட்டாத நாய்கள் குரைக்கும். ஓடாமல், முறைக்காமல் நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பையைத் தினமும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவையை இங்கே பிரெஞ்சுப் பாதையில் போல நம்ப முடியாது. முடியாத நாளில் விடுதிக்காரரிடம் டாக்சியில் அனுப்பித் தரச் சொல்லலாம். நடைக்குத் தேவையில்லாத பெட்டியைப் போன்ஃபெராதாவிலிருந்து கொர்ரெயோஸ் தபால் துறை வழியாகச் சந்தியாகோவுக்கு அனுப்பி, அங்கே போய் எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. சில்லறைக் காசு, ரொக்கம் 100 யூரோவாவது கையில் இருக்கட்டும். அவசர எண் 112.

சந்தியாகோவில்

கடைசி 100 கிலோமீட்டருக்கு நாளுக்கு இரண்டு முத்திரை வேண்டும். தேவாலயம் பூட்டியிருந்தால் பாரில், விடுதியில், நகராட்சி அலுவலகத்தில் என்று எங்கே வேண்டுமானாலும் குத்தி வாங்கலாம். காபி குடிக்கும் இடத்தில் கேட்டுப் பழகிவிட்டால் மறக்காது.

தெற்கிலிருந்து நுழைவதால் முதலில் அங்ரோயிஸ். 2013 ஜூலை 24 அன்று ரயில் தடம் புரண்டு பலர் இறந்த வளைவு பாதையோரமே இருக்கிறது. அடுத்து சார் ஆற்றருகே சாந்தா மரியா தேவாலயம். உள்ளே தூண்கள் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும், நேரம் ஒதுக்கிப் பாருங்கள். பேராலயத்துக்குள் முதுகுப்பையோடு விடமாட்டார்கள், அதனால் முதலில் அறைக்குப் போய்ப் பையை வையுங்கள். கார்ரேத்தாஸ் தெருவில் யாத்ரீகர் அலுவலகம். இணையத்தில் முன்பே பதிவு செய்துவிட்டு வரிசை எண் எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். கொம்போஸ்தேலா இலவசம், நடந்த தூரத்தைக் குறிப்பிடும் தனிச் சான்றிதழுக்குச் சிறு கட்டணம் உண்டு. குளிர்காலப் பாதை என்று அதில் எழுதச் சொல்ல மறக்காதீர்கள். பகல் 12 மணிக்கு யாத்ரீகர் திருப்பலி, இடம் பிடிக்க ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். மாட்ரிட் திரும்ப அதிவேக ரயில் மூன்றரை மணி நேரம் போல எடுக்கும். டிக்கெட் விலை நாள் நெருங்க ஏறும், ஆனால் உபரி நாட்களை இழக்காதபடி, தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.